டெஸ்பாட்ச் செக்‌ஷனில் பன்னிரண்டு மணி

“…இல்லீங்க அய்யா, சித்தெ பொறுங்க. இப்பப் போட்டுக் காட்டுனா நல்லாத்தான் ஓடும். சும்மா நிக்கற வண்டிய எறக்கத்துல உருட்டிக் காட்டற மாதரங்க அது. பாக்கோணும்னு வந்துட்டீங்க, பன்னெண்டு அடிக்கட்டும். எல்லாரும் ஒண்ணா வந்து உளுகறப்பப் பாருங்க.”

சொன்னவர், லாரியில் சரக்கு அனுப்பும் டெஸ்பாட்ச் செக்‌ஷனுக்குப் பொறுப்பாக இருந்த அக்கா. கேட்டுக்கொண்டு நின்றவர் முதலாளி. கோயமுத்தூரில் கணபதியைத் தாண்டி இருந்த அந்தப் பம்ப்செட் கம்பெனியில், முதலாளியைப் பார்த்துப் பொறுங்கள் என்று சொன்ன ஆளை நான் அதற்கு முன்னால் கண்டதில்லை. அவரும் வேறொரு இடத்துக்குக் கிளம்பும் அவசரத்தில், ஒரு நிமிடம் கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டினால் பார்த்துவிட்டுப் போகலாம் என்றுதான் வந்திருந்தார். எட்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டிவிட்டுப் போயிருப்பார். அக்கா விடவில்லை. சர்வர் இருந்த கண்ணாடி அறை வாசலில் நானும் என் கூட்டாளியும் நின்றுகொண்டிருந்தோம். கூட்டாளி என் காதருகில் வந்து, “மாப்ள, தானா வந்த பாஸ் மார்க்க இந்தக்கா வேண்டாங்குது” என்றான்.

அக்காவின் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. தொண்ணூறுகளின் கடைசி அது. நான் காலேஜ் வாசலை மிதித்தவன் இல்லை. மோட்டார் காயில் கட்டிக்கொண்டிருந்தவன், கம்ப்யூட்டர் சென்டரில் மின்சார வேலைக்குப் போன இடத்தில் கம்ப்யூட்டரிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஜாவாவை ஜெராக்ஸ் எடுத்த புத்தகத்திலிருந்து படித்தேன். படிக்கும்போது புரியாததை டீக்கடையில் யாரிடமாவது நம் பேச்சில் சொல்லிப் பார்ப்பேன். சொல்ல வந்துவிட்டால் புரிந்துவிட்டது என்று அர்த்தம். என் கூட்டாளி முறையாக இஞ்சினியரிங் படித்தவன். அவன் கோடு போட்டுக் கணக்குப் பார்ப்பான், நான் பேசிப் பார்ப்பேன். இரண்டு பேருமாகச் சேர்ந்து அந்தக் கம்பெனிக்குச் செய்து கொடுத்த புரோகிராம்தான் லாரிகளுக்குக் கேட் பாஸ் போடும் புரோகிராம். கணபதியில் இருந்த தலைமை ஆலை, பெருந்துறைப் பிரிவு, காங்கேயம் டிப்போ மூன்றும் ஒரே டேட்டாபேஸில் எழுதும். அந்தக் காலத்தில் எங்களைப் போன்ற சின்ன ஆட்கள் அப்படி ஒன்றைச் செய்வது சாதாரணமில்லை. அதை இன்றைக்கும் நான் அடக்கமாகச் சொல்வதில்லை.

அந்தப் புரோகிராமை முதலில் தன் செக்‌ஷனில் வையுங்கள் என்று கேட்டு வாங்கியவர் அந்த அக்கா. அதற்கு முன்னால் பல வருஷம் ஸ்டோரில் இன்னொருவருக்குக் கீழே நட்டும் போல்ட்டும் எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தார். டெஸ்பாட்ச்சுக்குத் தலைமையாக வந்த முதல் பெண் அவர்தான். லாரிக்காரர்களும் லோடு ஏற்றுகிறவர்களும் முதலில் அவரைச் சட்டை செய்யவில்லை. “அம்மணி பாஸ் எளுதறதுக்குள்ள கோடையே முடிஞ்சுரும்” என்று அவர் காதில் விழும்படியே பேசுவார்கள். அக்கா பதில் பேசுகிறவர் இல்லை. கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்தார். அதுதான் பதில்.

ஆனால் கம்ப்யூட்டர் காலை வாரியது. தினமும் ஒரு தடவை திரை அப்படியே உறைந்து நிற்கும். பாஸ் வராது. கேட்டில் லாரிகள் ஒன்றின் பின்னால் ஒன்றாக நின்று ஹாரன் அடிக்கும். கோடை வந்தால் கிணறு வற்றும், கிணறு வற்றினால் பம்ப்செட் விற்கும். அப்படிச் சரக்கு ஓடுகிற நேரத்தில் கேட் அடைத்துக்கொண்டால் எந்த முதலாளிதான் பொறுப்பார்? வெள்ளிக்கிழமை நானே வந்து பார்க்கிறேன், அன்றைக்கும் நின்றால் மிசினைத் தூக்கிவிட்டுப் பழையபடி கையாலேயே எழுதிக்கொள்ளட்டும், அம்மணியும் பழையபடி ஸ்டோருக்கே போகட்டும் என்று சொல்லிவிட்டார். எங்களுக்கு ஒரு வேலை போகும், அவ்வளவுதான். இன்னொரு கம்பெனியைப் பார்த்துக்கொள்வோம். அக்காவுக்கு அப்படி இல்லை.

நாங்களும் சும்மா இருக்கவில்லை. முதலில் டிரைவரை மாற்றினோம். டிரைவர் என்றால் லாரி ஓட்டுகிறவர் இல்லை, ஜாவா புரோகிராமுக்கும் டேட்டாபேஸுக்கும் நடுவில் நின்று இவர் பேச்சை அவருக்குச் சொல்லி, அவர் பதிலை இவருக்குச் சொல்கிற மென்பொருள். நாங்கள் முதலில் வைத்திருந்தது பாலம் போட்ட டிரைவர். நாம் சொல்வதை அது இன்னொருவரிடம் சொல்லும், அந்த இன்னொருவர் போய் டேட்டாபேஸிடம் சொல்வார். பொண்ணு பார்க்கப் போகிறபோது இரண்டு தரகர் வைத்த மாதிரி. இரண்டு பேர் சேர்ந்து கேட்டால் ஒருத்தருக்குப் பதில் வரும், நாலு பேர் சேர்ந்து கேட்டால் தரகரே மயங்கி விழுந்துவிடுவார். அதை எடுத்துவிட்டு, முழுக்க ஜாவாவிலேயே எழுதப்பட்ட, டேட்டாபேஸிடம் நேராகப் பேசுகிற டிரைவரைப் போட்டோம். வேகம் கண்ணுக்குத் தெரிந்தது.

அடுத்து, கேட்கிற முறையைத் திருத்தினோம். ஒரு பாஸ் போடுவதற்கு நாங்கள் டீலர்களின் மொத்த விவரத்தையும் டேட்டாபேஸிலிருந்து அள்ளிக்கொண்டு வந்துகொண்டிருந்தோம். அதையும் ஒவ்வொரு வரியாக, ஒவ்வொரு நடையாக. டீக்கடைக்காரர் ஒரு நாள் தன் மச்சினனைத் திட்டிக்கொண்டிருந்தார்: “தக்காளிக்கு ஒரு நடை, வெங்காயத்துக்கு ஒரு நடை, உன்ற காலு என்ன கடன் வாங்குனதா?” எனக்கு நெஞ்சில் தைத்தது. அன்றைக்கே உட்கார்ந்து, தேவையான டீலரை மட்டும் கேட்பது, வருவதை மொத்தமாக ஒரே நடையில் வாங்கிக்கொள்வது, அடிக்கடி கேட்கிற கேள்வியை டேட்டாபேஸிடம் முன்கூட்டியே சொல்லித் தயாராக வைத்திருக்கச் செய்வது என்று மாற்றினேன். இதுவும் பலன் கொடுத்தது.

அப்படியும் தினம் ஒரு தடவை நின்றது.

எங்களைக் கிறுக்காக்கியது அது நின்ற நேரம். புரோகிராம் ஒவ்வொரு தடவையும் டேட்டாபேஸோடு இணைப்பு கிடைக்க எவ்வளவு நேரம் காத்திருக்கிறது என்று எழுதி வைக்கும்படி செய்திருந்தோம். கூட்டாளி அதை வரைபடத் தாளில் குறித்தான். திங்கட்கிழமை காலையில் திணறுகிறது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நாலரைக்குத் திணறுகிறது. புதன்கிழமை ஒன்றரைக்கு. வெள்ளிக்கிழமை உச்சிப்பொழுதுக்கு. ஒரே நேரமாக இருந்தால் பிடித்துவிடலாம். இது ஒளிந்து விளையாடியது. கூட்டாளி முதலில் ஒர்க் ஷாப்பில் இருந்த வெல்டிங் மிசினைச் சந்தேகப்பட்டான். பிறகு கேபிளை மாற்றினான். கடைசியில், “யாரோ வேணும்னே பண்றாங்க” என்கிற அளவுக்கு வந்துவிட்டான்.

இதைவிடப் பெரிய வேடிக்கை, நாங்கள் போய்ப் பார்த்தால் அது நிற்பதே இல்லை. அக்கா போன் செய்வார்: “ஏனுங் தம்பி, இப்ப வந்தீங்கன்னா மிசின் சும்மாத்தான் இருக்குதுங்க, வந்து பாத்துப்போடுங்க.” ஓடுவோம். தன் நாற்காலியை எங்களுக்குப் போட்டு, மோர் வரவழைத்துக் கொடுத்து, தொந்தரவு செய்யக்கூடாது என்று ஆட்களையும் அக்கட்டால் அனுப்பிவிடுவார். நாங்கள் எத்தனை பாஸ் போட்டாலும் தண்ணியாக ஓடும். சரியாகிவிட்டது என்று மீசையை முறுக்கிக்கொண்டு வெளியே வந்து, கேட்டுக்கு எதிரில் டீ சொல்லிவிட்டு உட்கார்ந்தால், டீ வருவதற்கு முன்னால் வாட்ச்மேன் வருவார். “நின்னுபோச்சுங்களாமா.”

டீக்கடைக்காரர் எங்கள் டீயை மூடி வைக்கப் பழகிக்கொண்டார்.

முதலாளி சொன்ன வெள்ளிக்கிழமைக்கு முந்தைய வாரம், ஒரு வியாழக்கிழமை, வேறு வேலையாக அந்தப் பக்கம் போனவன் காலையிலேயே டெஸ்பாட்ச்சுக்குள் நுழைந்தேன். வந்ததுதான் வந்தோம், இப்போதே ஒரு தடவை பார்த்துவிடலாமே என்று கேட்டேன். அக்கா தயங்கினார். மறுத்துப் பேசுவது அவருக்கு வராது.

“இப்ப எப்படீங்க தம்பி, லோடு ஏத்திக்கிட்டு இருக்கறாங்கல்ல. ஒன்ரைக்கு மேல வாங்க. அப்பறம் மூணு மணி வரைக்கும் மிசின் உங்களுதுதான். ஒருத்தரும் தொட மாட்டாங்க.”

“ஏனுங்க்கா, ஒன்ரைக்கு மேல என்னங்க?”

“என்னங்களா? இன்னிக்கு வியாழக்கெளமைங்க. இராகு காலத்துல எவனுங்க வண்டிய எடுப்பான்? நம்ம சாமான் கெணத்துக்குள்ள எறங்கற சாமானுங்க. வாங்கறவன் பூச போட்டு எறக்கறான். நாம கேட்டத் தாண்டி உடற நேரம் நல்ல நேரமா இருக்கோணுமல்லங்க?”

பம்ப் வைத்து அடுக்கியிருந்த மரப்பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்புறம் அடித்த சிரிப்பை நிறுத்த முடியவில்லை. அக்கா தண்ணீர் கொண்டுவரச் சொல்லி ஆள் அனுப்பினார்.

எங்கள் வீட்டிலும் இராகு காலத்தில் ஒரு செருப்புகூட வாங்க மாட்டோம். ஆனால் சர்வர் அறைக்குள் நுழையும்போது அதையெல்லாம் செருப்போடு வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போவது வழக்கமாகிவிட்டது. கிழமைக்கு ஒரு நேரம் என்று கூட்டாளி வரைந்த வரைபடத்தை எங்கள் அம்மாவிடம் காட்டியிருந்தால், கண்ணாடி போடாமலேயே இன்னதென்று சொல்லியிருப்பார். இராகு காலம் முழுக்கச் செக்‌ஷனில் வேலை இல்லை. வேலை இல்லாததால் எங்களைக் கூப்பிட்டார்கள். வந்தவர்களுக்கு இடைஞ்சல் வரக்கூடாது என்று மரியாதையாக ஒதுங்கியும் கொண்டார்கள். யாருமே இல்லாத வீட்டில் நாங்கள் தினமும் போய்க் கூட்டத்தைச் சமாளித்துப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

“மூணு அடிச்சதும் என்னங்க்கா நடக்கும்?”

“மூணு அடிச்சதும் ஏத்தி நிக்கற வண்டிக்கெல்லாம் ஒரே அடியா பாஸ் அடிப்பாங்க. பெருந்துறைலயும் அதேதானுங்க. காங்கயத்துலயும் அதேதான். ஊருக்கு ஒரு இராகு காலம் இருக்குதுங்களா என்ன?”

அதுதான் விஷயம். ஒவ்வொரு பாஸுக்கும் எங்கள் புரோகிராம் டேட்டாபேஸோடு புதிதாக ஓர் இணைப்பைத் திறந்து, வேலை முடிந்ததும் மூடியது. திறப்பதற்கே அந்தக் கால சர்வர் மூச்சு வாங்கும். அதோடு, ஒரே சமயத்தில் இத்தனை இணைப்புதான் என்று அளவு வைத்துத்தான் டேட்டாபேஸை வாங்கியிருந்தார்கள். அதில் பாதியை அக்கவுண்ட்ஸ் பிடித்துக்கொண்டிருக்கும். மூன்று ஊரும் ஒரே நொடியில் கதவைத் தட்டினால் கதவே பெயர்ந்துதான் போகும்.

கூட்டாளியிடம் சொன்னதும் அவனும் சிரித்தான். சிரித்து முடித்ததும், ஒருத்தர் பின்னால் ஒருத்தராகப் பாஸ் போடச் சொல்லிவிட்டால் போதுமே, எழுதியதை மாற்ற வேண்டாமே என்றான். தப்பில்லாத யோசனைதான். எனக்கு ஒப்பவில்லை. ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்கணும் என்பது எங்கள் பக்கத்துச் சொல். காங்கேயம் மாடு கட்டியவர்களுக்கு அது பழமொழி இல்லை, அனுபவம். ஊர் தன் நேரத்தை மாற்றிக்கொள்ளட்டும் என்று சொல்ல ஒரு புரோகிராமா வேண்டும் என்று கேட்டேன். கூட்டாளி, “செரி, நீ பாடு, நான் சொம்பப் புடிக்கறேன்” என்றான்.

என்ன செய்யப்போகிறீர்கள் என்று அக்கா கேட்டார். கல்யாணப் பந்தியை வைத்துச் சொன்னேன். இப்போது ஆள் வந்து உட்கார்ந்த பிறகு இலை வாங்கத் தோட்டத்துக்கு ஓடுகிறோம். இனி முன்கூட்டியே இலையைப் போட்டுத் தண்ணீர் தெளித்து வைத்துவிடுவோம். வருகிறவர் உட்கார வேண்டியது, சாப்பிட்டு எழுந்தால் அதே இடத்தில் அடுத்தவர். இணைப்புகளைத் திறந்து ஒரு தொட்டியில் வைத்திருப்பது, கேட்கிறவருக்குக் கொடுப்பது, முடிந்ததும் திரும்ப வாங்கி வைப்பது.

அக்கா தலையாட்டிக்கொண்டே கேட்டார். பிறகு, “சாப்புட்டவன் எந்திரிக்காம ஊர்க்கத பேசிக்கிட்டே உக்காந்திருந்தா என்னங்க பண்ணுவீங்க?” என்றார்.

விளையாட்டாகக் கேட்டாரோ, நிஜமாகக் கேட்டாரோ. நான் போய் எங்கள் புரோகிராமைப் பார்த்தேன். ஏதாவது பிழை வந்து பாதியில் நின்றால், வாங்கிய இணைப்பைத் திருப்பிக் கொடுக்காமலேயே போகிற இடங்கள் இருந்தன. ஒவ்வொன்றையும் தேடி, நல்லபடி முடிந்தாலும் பிழையில் முடிந்தாலும் எழுந்து போயே ஆக வேண்டும் என்று கட்டினோம்.

அந்தத் தொட்டியை நானே எழுதினேன். இன்றைக்குக் கேட்டால் ஆயத்தமாக நாலு விதம் கிடைக்கும், அன்றைக்கு எங்கள் கைக்கு எட்டின மட்டில் ஒன்றும் இல்லை. இருக்கிற இணைப்பு அளவோ குறைவு, நாள் முழுக்க எல்லா இலையையும் போட்டு வைக்க முடியாது. ஆகவே ஒரு சின்ன அமைப்புக் கோப்பு வைத்தேன். கிழமைக்கு ஒரு வரி, அந்தந்தக் கிழமையில் இராகு காலம் முடியும் நேரம். அதற்குக் கொஞ்சம் முன்னால் தொட்டி தானாகவே நிரம்பிக்கொள்ளும், கூட்டம் வடிந்ததும் தானாகவே குறைந்துகொள்ளும். அந்த நேரத்தில் அக்கவுண்ட்ஸ் தன் பங்கை விட்டுக்கொடுக்க வேண்டும். கேட்கப் பயந்துகொண்டே போனேன். அக்கவுண்ட்ஸ் பெரியவர், தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள், இராகு காலம் முடிந்து நாங்களும் முதலில் காபிதான் குடிப்போம் என்றார். கோப்புக்கு ராகு என்றே பெயர் வைத்தேன். பல வருஷம் கழித்துப் பெரிய கம்பெனி ஒன்றிலிருந்து வந்த பையன் ஒருவன் அதைத் திறந்து பார்த்துவிட்டு, இது என்ன சார் என்று கேட்டான். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன். இந்த ஊர் டேட்டாபேஸுக்கு இந்த ஊர்க் கணக்குத் தெரிந்திருக்கிறது என்றேன்.

தொட்டியைப் போட்ட பிறகு வியாழக்கிழமை வரை ஒரு தடவைகூட நின்றதில்லை. ஆனாலும் வெள்ளிக்கிழமை என்பது வேறு. வாரத்திலேயே அதிக லோடு வெள்ளிக்கிழமைதான் போகும். அதுவும் முதலாளி பார்க்க வருகிற வெள்ளிக்கிழமை. அன்றைக்கு அவர் வந்து நின்றது பன்னிரண்டுக்குக் கொஞ்சம் முன்னால். இராகு காலம் இன்னும் முடியவில்லை. அந்த நேரத்தில் போட்டுக் காட்டியிருந்தால் பழைய பாழாய்ப்போன புரோகிராமே நன்றாக ஓடியிருக்கும். அக்காவுக்கு அது தெரியும். தெரிந்துதான் பொறுக்கச் சொன்னார்.

முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். போகவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அக்கா போனை எடுத்துப் பெருந்துறைக்குப் பேசினார். முதலாளி இங்கே வந்திருக்கிற சேதி அவர்களுக்குத் தெரிந்து, அன்றைக்கு மட்டும் மெதுவாக ஒவ்வொன்றாகப் போட்டுக் கொடுக்கிறோம் என்று சொன்னார்கள் போல இருக்கிறது. உதவி செய்கிறார்களாம். அக்கா குரலை உயர்த்தவில்லை.

“வேண்டாங்க. தெனமும் எப்படி அடிப்பீங்களோ அப்படியே அடிங்க. ஒண்ணுகூடக் கொறைக்காதீங்க.”

காங்கேயத்துக்கும் அதையே சொன்னார். என் கூட்டாளி கண்ணை மூடிக்கொண்டான்.

சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டு ஆனது. செக்‌ஷனில் இருந்த எல்லாக் கைகளும் ஒரே நேரத்தில் விசையைத் தட்டின. நான் சர்வர் திரையைத் திரும்பிப் பார்த்தேன். இணைப்புகள் எல்லாம் ஒரே மூச்சில் போய்விட்டன. அடுத்து வந்தவர்கள் வரிசையில் நின்றார்கள். ஒரு நொடி எதுவும் அசையவில்லை. அந்த ஒரு நொடியில் அக்காவை மறுபடியும் ஸ்டோரில் பார்த்துவிட்டேன். பிறகு முதல் இணைப்பு திரும்பி வந்தது, வரிசையில் நின்ற ஒருவர் உள்ளே போனார், இன்னொன்று வந்தது, இன்னொருவர் போனார். வெளியே பிரிண்டர் கறகறவென்று இழுக்க ஆரம்பித்தது. ஒன்று நிற்பதற்குள் அடுத்தது. பாஸைக் கிழித்துக் கொடுக்கிறவருக்குக் கை ஓயவில்லை. கேட் திறந்தது. முன்னால் நின்ற லாரி உறுமிக்கொண்டு வெளியே போனது, அதன் பின்னாலேயே அடுத்தது. ஹாரன் சத்தம் ஒன்றுகூட இல்லை. அம்மணியைக் கிண்டல் செய்த லோடு ஆட்கள் தார்ப்பாய்க் கயிற்றைக் கையில் பிடித்தபடியே வேடிக்கை பார்த்தார்கள். போன் அடித்தது. பெருந்துறையிலிருந்து, எல்லா வண்டியும் போய்விட்டது, கேட்டில் ஒன்றும் இல்லை என்றார்கள்.

முதலாளி கேட்டையே பார்த்துக்கொண்டு இருந்தார். போக வேண்டிய இடம் மறந்துபோனவர் மாதிரி இருந்தது.

“அம்மணி, ஸ்டோருக்கு நான் வேற ஆளப் பாத்துக்கறேன்” என்றார்.

அக்காவின் முகத்தில் ஒரு சிரிப்புகூட வரவில்லை. கடைசி லாரியின் ஓட்டுநர் பாஸுக்காக எதிரில் நின்றுகொண்டிருந்தார். அக்கா எழுந்து, தன் நாற்காலியை முதலாளி பக்கமாகத் திருப்பிப் போட்டு, “உக்காருங்க அய்யா, இந்த வண்டிக்கு நீங்களே பாஸப் போடுங்க” என்று சொல்லிவிட்டு, முதலாளிக்கு விளங்கும்படி வண்டி நம்பரை ஒவ்வொரு எழுத்தாக நிறுத்திச் சொல்லச் சொன்னார் அந்த ஓட்டுநரிடம்.